பன்னிரண்டு நாற்காலி, நடுவில் ஓர் இடைவெளி

பெரிய வியாழன் மாலை. புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் ஆரோக்கியம் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை.

“என்ன ஆரோக்கியம், பூசை ஆரம்பிக்கப் போகுதே?” என்றேன்.

“நாற்காலி எப்டிப் போட்டுக்கிறாங்கோன்னு பார்த்துட்டுதான் சார் வருவேன். தள்ளிப் போட்டாங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன். தள்ளி குந்தவெச்சு கால் கழுவறதுக்கு எங்க வூட்லயே தண்ணி கீது.”

விஷயம் தெரியாதவர்களுக்கு: அன்றைக்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்து, மண்டியிட்டு, அவர்கள் காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். தாழ்மையைச் சொல்லித் தருகிற சடங்கு. படப்பையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னக் கோயில் — பேர் வேண்டாம், வருகிற ஞாயிறும் நான் அங்கேதான் போக வேண்டும் — அங்கே இந்தத் தாழ்மை மேலத் தெருவுக்கு மட்டும் பரம்பரைச் சொத்து! அப்பா உட்கார்ந்த நாற்காலியில் பிள்ளை உட்காருவார். காலனிக்காரர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆரோக்கியத்தின் அப்பா சாகும்வரை அப்படித்தான் பார்த்தார்.

இந்த வருஷம் வந்த புதுச் சாமியார் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிட்டார். காலனிக்கு ஐந்து இடம் விழுந்தது. அதில் ஒன்று ஆரோக்கியத்துக்கு. லேத் பட்டறையில் ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தார் மனிதர்.

மேலத் தெரு கொதித்தது. ஒருத்தரும் வர மாட்டோம் என்றது. தலைமை லூர்துசாமி — கோயில் கமிட்டித் தலைவர், எந்த ஊர்வலமானாலும் சாமி சுரூபத்துக்கு முன்னால் நடப்பவர். சாமியார் வாதாடவே இல்லை. கால் கழுவும் போட்டோ மறைமாவட்ட மாத இதழில் வரப்போகிறது என்று மட்டும் ஞாயிறு பூசையில் அறிவித்தார். வியாழக்கிழமை மேலத் தெருவின் ஏழு பேரும் சலவை வேட்டியில் ஆஜர்!

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எனக்குக் கேமராப் பைத்தியம்; அந்தப் போட்டோவையும் நான்தான் எடுக்க வேண்டும். தினமும் அந்தக் கோயிலில் ஒரு படமாவது எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. காலைப் பூசை, நவநாள், கல்லறைத் திருநாள்... இத்தனை எடுத்து நான் கற்றது ஒன்றுதான். கொட்டாவிக்கு நடுவே ஓடுகிற ஜெபமாலை, கேமராவைக் கண்டதும் நிதானமாக நடக்க ஆரம்பிக்கிறது. குவித்த கை மார்பிலிருந்து மோவாய்க்கு ஏறுகிறது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, “சார், இங்க வெளிச்சம் போதுமா?” என்று கேட்டிருக்கிறார். கடவுள் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் பிரிண்ட் போட்டுத் தருவதில்லையே?

உள்ளே போய்ப் பார்த்தேன். ஆரோக்கியம் பயந்தது சரிதான். பீடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் ஏழு நாற்காலி, மறுபக்கம் ஐந்து. நடுவில் இரண்டு பேர் தாராளமாக உட்காருகிற வெட்டவெளி. காலனி ஆட்களுக்கு எட்டாத தூரத்தில், கோடி நாற்காலியில் லூர்துசாமி.

ஆரோக்கியமும் எட்டிப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பினார். இவர் போனால் மற்ற நாலு பேரும் எழுந்து போவார்கள். அடுத்த வருஷம் சீட்டும் இருக்காது, இந்தச் சாமியாரும் இருக்க மாட்டார்.

“கொஞ்சம் இருங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்தேன். “லூர்துசாமி சார், நீங்க படத்துல விழல. கோடி நாற்காலி கட் ஆகுது.”

“பின்னால போய் எடுங்க சார்.”

“ஜனங்க உட்கார்ந்திருக்காங்களே!” (இரண்டடி இடம் இருந்தது. கடவுள் மன்னிப்பாராக.) “நடுவுல வந்தீங்கன்னா முகம் பளிச்சுன்னு விழும். பின்னாடி சிலுவையும் வரும்.”

கமிட்டித் தலைவர் நாற்காலியைத் தானே தூக்கி வந்து இடைவெளியில் போட்டார். மற்ற ஆறு பேரும் விடுவார்களா? கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்து நெருங்கினார்கள். “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...” என்று நான் நகர்த்த நகர்த்த, வெட்டவெளி மறைந்தே போனது.

ஆரோக்கியம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “கொஞ்சம் நவுந்து குந்துங்கண்ணே.”

அதுவரைக்கும் ‘ஐயா’ என்று கூப்பிட்டவர்! லூர்துசாமியால் முகம் சுளிக்கவும் முடியவில்லை. நான்தான் ஃபோகஸ் பண்ணிக்கொண்டிருந்தேனே?

பன்னிரண்டு பேரையும் தோளோடு தோளாக எடுத்து முடித்தேன். பிறகு சாமியார் மண்டியிட்டு ஆரோக்கியத்தின் காலைக் கழுவி முத்தமிட்டபோது ஆரோக்கியத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அந்தப் படம் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது. கிழித்துப்போட மனசில்லை.

போன ஞாயிறு பிரிண்ட் கொண்டுபோனேன். ஆரோக்கியம் தன் காப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். லூர்துசாமி என்னை ஓரமாக அழைத்தார்.

“படம் ஜோரா கீது சார். எனுக்கு மட்டும் அந்தாண்ட அஞ்சு பேரையும் கட் பண்ணிக் குடுங்க. வூட்ல மாட்டணும்.”

“வெட்டலாம் சார். ஆனா ஆரோக்கியம் உங்களை ஒட்டி உட்கார்ந்திருக்காரே? அவரை வெட்டினா உங்க தோளும் சேர்ந்து போயிடும்.”

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

“தோளு போனா போவட்டும் சார்.”

கால் கழுவியாகிவிட்டது. அடுத்த வருஷம் தலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிச் சாமியாரிடம் கேட்கப் போகிறேன்!