மாமனாருக்குப் பழசு

சிதம்பரத்தில் ரத்தம், மலம் பரிசோதிக்கும் ஒரு லேபில் ஜான்சிக்கு வேலை. காலையில் மூடி போட்ட சின்ன டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நெளிந்தபடி வருபவர்களிடம், "வெளிக்கு ஒழுங்கா போவுதா? கெட்டியாவா, தண்ணியாவா?" என்று கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்பாள். எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கூச்சமே கிடையாது. அப்பேர்ப்பட்டவள், சொந்த வீட்டில் ஒரு மனுஷன் அதே பாட்டைப் படுவது தெரியாமல் மாசக்கணக்கில் பூரி சுட்டுப் போட்டாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அந்த மனுஷன் அவளுடைய மாமனார் சாமிக்கண்ணு. கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரர். மீசை முளைக்கும் முன்னே படகேறியவர். மனைவி போன பிறகு தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவரை, மகன் செம்பியன் சிதம்பரத்தை ஒட்டிய அம்மாபேட்டை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். செம்பியனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கூட்டிவந்ததோடு அவன் பொறுப்பு முடிந்தது. மீதியெல்லாம் ஜான்சி தலையில்.

ஜான்சிக்குப் பயம்தான். காரணம் இருந்தது. அவர்கள் கல்யாணம் சர்ச்சில் நடந்தது. சாமிக்கண்ணு வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அவருடைய அக்கா தைலம்மாள் வரவேயில்லை. 'வேத்துக்காரி', வேறு மதத்துப் பெண் என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஜான்சி அந்தச் சாப்பிடாத இலையை இன்றுவரை மறக்கவில்லை. இந்த முறை அவரைச் சாப்பிட வைத்தே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள்.

திங்கள் பூரி, செவ்வாய் சப்பாத்தி, புதன் இடியாப்பத்தோடு பாயா, வேலை ஜாஸ்தியாக இருந்தால் கடைப் பரோட்டா. மதியம் ஆவி பறக்கும் சோறு, ராத்திரி முட்டை தோசை. மீந்த சோறு எதிர்வீட்டு மலர்க்கொடியின் மாட்டுக்குப் போகும். அந்தச் சோற்றுத் தூக்குவாளி வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சாமிக்கண்ணு அதையே பார்ப்பார். வீணாக்குகிறாளே என்று நினைக்கிறார்போல என்று ஜான்சி அரிசியைக் குறைத்துப் போட்டாள். ஊரிலிருந்து லுங்கியில் சுற்றி அவர் கொண்டுவந்த மண்சட்டியைக் குழம்புச் சட்டி என்று நினைத்து மேல் ஷெல்பில் ஏற்றிவைத்தாள்.

கொஞ்ச நாளில் அவர் சாப்பாடு பாதியானது. பிறகு கால்வாசியானது. "போதும்மா" என்று எழுந்துவிடுவார். காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வர ஒரு யுகம். கேட்டால், "மொகங் கழுவுனேன்" என்பார். முகம் வாடி, கன்னம் ஒட்டிப்போனது.

ஒருநாள் மலர்க்கொடி கேட்டருகே நிறுத்திச் சொன்னாள். "தப்பா எடுத்துக்காத ஜான்சி. உங்க மாமனாரு டெய்லி ரயில்வே கேட்டுக்கிட்ட கூழ் வண்டியில நிக்கிறாரு. பாக்கிறவங்க என்னா நெனப்பாங்க?"

ஜான்சிக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. என் கை சமைத்தது இறங்கவில்லை, தெருவில் நின்று குடிக்கிறார். அன்று பந்தியில் உட்காராத மனுஷர்தானே. மாறவேயில்லை என்று நினைத்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் அவர் 'வாக்கிங்' கிளம்பிய சற்று நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். வண்டியோரம் கையில் சொம்போடு நின்றிருந்தார். கேழ்வரகுக் கூழ், மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. திட்ட வந்தவள் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிட்டே போனாள்.

"என் கையால சாப்புடப் புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமுல்ல மாமா?"

சாமிக்கண்ணு சொம்பைக் கீழே வைத்தார். "ஐயையோ, அப்புடில்லாம் இல்லம்மா."

"வேற எப்புடி?"

"வயிறு..."

"வயிறு என்னா?"

"எறங்க மாட்டுது."

கண்ணைத் துடைத்த கையோடு ஜான்சிக்குள் இருந்த லேப்காரி விழித்துக்கொண்டாள். "எத்தினி நாளா? கெட்டியாவா? ரத்தம் கித்தம் போவுதா?"

கூழ் வண்டிக்கார அம்மா அகப்பையோடு திரும்பிக்கொண்டு சிரித்தாள். சாமிக்கண்ணு ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு, கடலில் புயலுக்குத் தப்பியவர் கதை சொல்வதுபோல மெள்ள மெள்ளச் சொன்னார். அவருக்குப் பிறந்ததிலிருந்து காலையில் பழைய சோறுதான். முதல்நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, விடியும்போது லேசாகப் புளித்திருப்பது. படகிலும் அதுதான், கரையிலும் அதுதான். இங்கே வந்ததிலிருந்து மைதாவும் எண்ணெயுமாக வயிறு கல்லாகிவிட்டது. இந்தக் கூழைக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி.

"பழசு வேணும்னு கேக்குறதுதானே மாமா?"

"எப்புடிக் கேக்குறது? நீ ஊத்துனேன்னு அக்கா காதுல வுழுந்தா போதும். ஏற்கெனவே உன்ன வேத்துக்காரிங்கிறா. மாமனாருக்குப் பழசு ஊத்துறான்னு ஊரெல்லாம் பேசுவா. நீ ஏன் அவ வாயில வுழணும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. தன் வீட்டில் தானே கரைத்துக் குடிப்பது வேறு. மருமகள் கையால் மாமனாருக்குப் பழசு என்றால், அவர்கள் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர் நாறிப்போகும். தைலம்மாள் போனில் கேட்கும்போதெல்லாம் "பூரி, கறி, மீனு, கொறையே இல்ல" என்று அவர் அளந்துவிட்டதன் அர்த்தம் ஜான்சிக்கு அப்போதுதான் விளங்கியது. தன்னை ஒதுக்குகிறார் என்று இவள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். அவரோ இவள் பெயருக்காக வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த நடுத்தெருவிலேயே அவளுக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது.

முதலில் டாக்டரிடம் காட்டினாள். கோளாறு ஒன்றுமில்லை, மைதாவைக் குறைத்து நார்ச்சத்துள்ளதாகக் கொடுங்கள், தண்ணீர் நிறைய குடிக்கட்டும், பழைய சோறும் மோரும் தாராளமாகத் தரலாம் என்றார். அன்று சாயங்காலமே மண்சட்டி கீழே இறங்கியது. காலையில் பழசு, தொட்டுக்கொள்ளக் கீரைத்தண்டோ கொத்தவரங்காயோ, சில நாள் சுட்ட கருவாடு. மலர்க்கொடியின் மாட்டுக்குத்தான் நஷ்டம். ஒரு வாரத்தில் குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்போது பார்த்துத் தைலம்மாள் போன் செய்தாள். தம்பி இளைத்துப்போய்விட்டானாம், யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்களாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கையோடு கூட்டிப்போகிறாளாம்.

கூட்டிப்போய்விட்டால் அவர் திரும்பி வரமாட்டார் என்று ஜான்சிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் பூரி, கோழிக்குழம்பு, கேசரி என்று அடுக்கினாள். ஊறிய பழசோடு மண்சட்டியை எடுத்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

தைலம்மாள் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் சமையல்கட்டை ஒரு நோட்டம் விட்டாள். "பரவால்லியே" என்று இழுத்தாள். "ஆனா தம்பி, சட்டை துணிய எடுத்துவை. நம்ம வூட்டுக்குப் போவலாம்."

ஜான்சி இரண்டு தட்டில் பூரி வைத்தாள்.

சாமிக்கண்ணு தட்டைப் பார்த்தார். "ஜான்சிம்மா, என் சட்டி எங்க?"

அவள் கண்ணால் கெஞ்சினாள். அவர் எழுந்துபோய்ச் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து தானே எடுத்துவந்தார். மூடியைத் திறந்ததும் புளித்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

தைலம்மாள் விருட்டென்று எழுந்தாள். "பழசா? என் தம்பிக்குப் பழசா ஊத்துற? அடிப்பாவி!"

"பெரியம்மா, அது வந்து..." என்று ஜான்சி தடுமாறினாள்.

"நீ இரும்மா" என்றார் சாமிக்கண்ணு. உப்பைப் போட்டு நிதானமாகப் பிசைந்தார். "உக்காருக்கா. இந்தப் பொண்ணு எனக்கு மாசக்கணக்கா பூரியும் கறியுமா ஆக்கிப் போட்டா. விருந்தாளிக்குப் போடுற மாரி. நானும் விருந்தாளி மாரியே கம்முனு கெடந்து வயித்தக் கெடுத்துக்கிட்டேன். பூரி உனக்குப் போட்டுருக்கா, சாப்புடு. நான் இந்த வூட்டு ஆளு."

ஜான்சி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவர் ஒரு கவளத்தை உருட்டி அவள் கையில் வைத்தார். "உங் கல்யாணத்துக்கு வந்துட்டு சாப்புடாம போனேன். தப்பு அது. இந்தா, சாப்புடு."

தைலம்மாள் பூரியைப் பிய்த்தாள், வைத்தாள், மறுபடி பிய்த்தாள். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே ஜான்சியிடம் கேட்டாள்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்தேன்."