ஒரு வயதுக்குள் தேன் கிடையாது

1. முதல் நாள், ஐந்து கிலோ

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஐந்து கிலோ தேனைக் கெடுத்தேன். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஆயுர்வேத வைத்தியசாலை. மருந்தாளுநர் படிப்பு முடித்த கையோடு கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தேன். மார்கழிக் குளிரில் தகர டின்னுக்குள் தேன் உறைந்து, அடியில் ரவை மாதிரி கிடந்தது. கரண்டி இறங்கவில்லை. புத்திசாலித்தனமாக டின்னை அடுப்பில் ஏற்றினேன்.

வாசனை பிடித்துக்கொண்டு வைத்தியர் உள்ளே வந்தார்.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்கற?"

"உறைஞ்சி போச்சிங்க ஐயா. இளக்கறேன்."

"மொதல்ல எறக்கு. தேன அடுப்புல ஏத்தச் சொல்லி எந்தக் காலேஜ்ல சொல்லிக் குட்தாங்க?"

சூடு காட்டிய தேன் மருந்துக்கு ஆகாது என்பது ஆயுர்வேதத்தில் பாலபாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். கைக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை. ஐந்து கிலோவையும் பின்கட்டுச் சாக்கடையில் என் கையாலேயே கொட்ட வைத்தார். சம்பளத்தில் பிடிக்கவில்லை, மேற்கொண்டு திட்டவும் இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை பெரியது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

2. தேன் என்ன செய்யும்

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதைப் பத்து பாயிண்டாக எழுதித் தரச் சொல்கிறார்கள். எனக்குப் பாயிண்ட் வராது.

எங்கள் தொழிலில் தேனைத் தனி மருந்தாகக் கொடுப்பதைவிட அனுபானமாகக் கொடுப்பதுதான் அதிகம். அனுபானம் என்றால் மருந்தோடு சேர்த்து உள்ளே அனுப்பும் துணை. ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனில், இன்னொருவருக்கு நெய்யில், வேறொருவருக்கு மோரில் கொடுப்போம். சளி கட்டியவருக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் தொண்டைக்கு இதமாக இருக்கும், இருமல் தணியும். புதுத் தேன் உடம்பைத் தேற்றும், ஒரு வருடம் ஆன பழந்தேன் உடம்பைக் குறைக்கும் என்பது வைத்தியசாலைக் கணக்கு. நெய்யும் தேனும் சம அளவு சேரக் கூடாது. கொதிக்கிற வெந்நீரில் தேனை ஊற்றிக் குடித்துவிட்டு, இளைக்கவில்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. வெந்நீரோடு போய்ச் சண்டை போடுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

உறைந்த தேனைப் பார்த்தால் "சீனிப் பாகுடி இது" என்று பாட்டிலைத் திருப்பி வைப்பார்கள். உறைந்தாலும் தேன் தேன்தான். சர்க்கரை நோய்க்காரர்கள் வந்து, "தேன் இயற்கைதானே, சுகர் ஏறாதில்ல?" என்று கேட்பார்கள். ஏறும். இனிப்பு எங்கிருந்து வந்தாலும் இனிப்புதான். இதைச் சொன்னதற்காக எத்தனை பாட்டில் விற்காமல் போயிருக்கும் என்று வைத்தியர் அடிக்கடி வருத்தப்படுவார். நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

3. கிருத்திகைக் கூட்டம்

பூச நட்சத்திரத்தன்று குழந்தைகளுக்கு ஸ்வர்ண பிராசனம் கொடுப்பது எங்கள் வைத்தியசாலை வழக்கம். தங்க பஸ்பத்தை நெய்யிலும் தேனிலும் குழைத்துச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விடுவது. ஜனங்கள் தங்க மருந்து என்பார்கள். கலக்குவது நான், சொட்டு விடுவதும் நான். பத்துப் பதினைந்து குழந்தைகள் வரும்.

ஒருமுறை பயிற்சி வகுப்பில் குழந்தைகள் டாக்டர் ஒருவர் சொன்னதைக் கேட்டேன். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைச் சமாளித்துவிடும். ஒரு வயதாகாத குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் கக்கும். குழந்தை துவண்டுபோகும், பால் குடிக்காது, மூச்சே நின்றுபோகலாம். அபூர்வமாக வருவதுதான், ஆனால் வந்தால் உயிரோடு விளையாட்டு. அடுத்த பூசத்திலிருந்து சொட்டு விடும் மேசையில் உட்கார்ந்ததும் முதலில் வயதைக் கேட்டேன். ஒரு வயதுக்குக் கீழே என்றால் திருப்பி அனுப்பினேன். வைத்தியர் கண்டும் காணாமல் இருந்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. பூசத்தன்று வருவது பதினைந்து பேர். கிருத்திகையன்று மலைக்கு வருகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. முருகன் நாள், தங்க மருந்து, இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். "பிறந்த குழந்தை முதல்" என்று அதில் போட்டிருந்தது.

"ஐயா, பொறந்த கொழந்தைக்கு வேணாங்க" என்றேன்.

"சாஸ்திரத்துல பொறந்த ஒடனே குடுக்கத்தான் சொல்லியிருக்கு கிரேஸம்மா."

"சாஸ்திரம் எழுதனவருக்கு இந்தக் கிருமி தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அவரே மாத்தி எழுதியிருப்பாரு."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது.

அந்தக் கிருத்திகையன்று வரிசை ரோடு வரை நின்றது. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம். மாமியார் கையில் குழந்தை. பெற்றவள் பின்னால், இன்னும் பிரசவ வெளுப்பு போகாத முகத்தோடு நின்றாள்.

"எத்தனை மாசம்?"

"நாப்பத்தெட்டு நாள்" என்றார் மாமியார்.

"இந்தக் கொழந்தைக்கு நான் குடுக்க மாட்டேங்க. ஒரு வயசு முடிஞ்சி கொண்டாங்க."

"இன்னாம்மா பேசற? என் புள்ளைங்க நாலு பேருக்கும் பொறந்த அன்னிக்கே தேன் தொட்டுத்தான் சேனை வச்சோம். எல்லாம் கல்லாட்டம் இருக்கறானுங்க. ஒண்ணும் ஆவல."

"ஆவலன்றது உங்க நல்ல நேரங்க. எல்லாருக்கும் அந்த நேரம் அமையாது."

சத்தம் கேட்டு வைத்தியர் அறையிலிருந்து வந்தார்.

"லைன் நிக்குது கிரேஸம்மா. போட்டு அனுப்புங்க."

"நாப்பத்தெட்டு நாள் கொழந்தைங்க ஐயா. என் கையால போட மாட்டேன்."

அவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். ஆனாலும் வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "ஒங்களுக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஒங்க ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அதான் பேசறீங்க."

என் தாத்தாவுக்கு அப்பா காலத்திலேயே நாங்கள் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்தவர்கள். அதை இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூட என் முகத்துக்கு நேரே எடுத்ததில்லை.

"ஞாயித்துக்கெழம நான் எங்க போறேன்றது வேற விசயங்க. இந்த மருந்த இத்தன வருசமா கலக்கறது என் கை. இதுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அவர் மேசையிலிருந்த சொட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் குனிந்தார். நான் எழுந்து என் உள்ளங்கையைக் குழித்துக் குழந்தையின் வாய்க்கு மேலே மறைத்துப் பிடித்தேன்.

குழந்தைக்குப் பசி போலிருக்கிறது, என் கையைச் சப்பத் தொடங்கியது. நான் கையை எடுக்கவில்லை.

அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண் முன்னால் வந்து மாமியார் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் அத்தே. ஒரு வயசு ஆவட்டும்."

சொல்லிவிட்டு நடந்தாள். மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

4. பேக்கிங் ரூம்

மறுநாளே என்னை மேசையிலிருந்து தூக்கிப் பேக்கிங் ரூமில் போட்டார்கள். சூரணத்தை அளந்து கவரில் கட்டுவது, பாட்டிலில் லேபிள் ஒட்டுவது. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை. அவமானமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் பேனாவை எடுத்தேன். தேன் பாட்டில் லேபிள் ஒவ்வொன்றிலும் "ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது" என்று என் கையெழுத்தில் எழுதினேன்.

வைத்தியர் பார்த்துவிட்டார்.

"யாரக் கேட்டு எழுதறீங்க?"

"கேட்டா வேணாம்னுவீங்க. அதான் கேக்கல."

"இத்தன வருசத்துல நம்மகிட்ட வந்து ஒரு கொழந்தைக்காவது ஏதாவது ஆச்சா? காட்டுங்க பாக்கலாம்."

என்னால் காட்ட முடியவில்லை. பால் குடிக்காமல் ஒரு குழந்தை துவண்டால் திருவள்ளூருக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்களிடம் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள். இதையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஆனால் எழுதின பாட்டிலை வீணாக்க மனம் வராமல் அப்படியே விற்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கிருத்திகைதோறும் வாசலில் வரிசை நின்றது. சொட்டு அவரே விட்டார்.

ஏழு மாதம் போயிற்று. அவர் மகளுக்குப் பிரசவம் ஆனது, ஆண் குழந்தை. வீடு வைத்தியசாலைக்குப் பின்கட்டுதான். சம்பந்தி வீட்டார் தங்க மோதிரத்தால் குழந்தை நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்க வந்தார்கள். வீட்டு முன் அறையில் பேச்சு நடந்தது. பேக்கிங் ரூம் கதவு திறந்துதான் இருந்தது.

"வைத்தியர் வூட்டுத் தேன் இருக்கும்போது கடைத் தேன் எதுக்கு? ஒரு பாட்டில் எடுங்க சம்பந்தி."

"தேன் வேணாங்க" என்றார் வைத்தியர். "ஒரு வயசு ஆவாம கொழந்தைக்குத் தேன் ஆகாது. சும்மா மோதிரத்த மட்டும் தொட்டு வைங்க."

கையெல்லாம் திப்பிலிப் பொடியோடு எழுந்து வெளியே வந்தேன். ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை. ஆத்திரம்தான் வந்தது.

"ஐயா, வாசல்ல லைன்ல நின்ன கொழந்தைங்க மட்டும் இன்னா, வேற வயசா?"

சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியர் தரையைப் பார்த்தார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் புத்தகத்தையும் பார், பெரிய டாக்டரையும் கேள். அதோடு, முதலாளி தன் வீட்டுக் குழந்தைக்கு என்ன கொடுக்கிறார் என்று கவனி. கவுன்டருக்கு வருகிற குழந்தைக்கும் அதையே கொடு. வேறொன்றைக் கொடுக்கச் சொன்னால் உன் கையால் கொடுக்காதே. வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வைத்தியசாலை வாசலுக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினேன். மேசையைத் துடைத்தேன். பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். வைத்தியர் வந்தார், பார்த்தார், தன் அறைக்குள் போய்விட்டார். யாரும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். வருகிற குழந்தைகளின் வயதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.