ஆபீசர் தின்ற கோழி

வேலை போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சோளக்காடு என்கிற எங்கள் மலையூருக்கு மேலே, மலை பார்க்க வருகிறவர்கள் தங்குகிற விடுதியில் பதினோரு வருஷம் படுக்கை விரிப்புகள் துவைத்தேன். கார்த்திகை மாதம் அந்தத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். முதலாளி கீழே டவுன்காரர். ஒருநாள் துவைக்கிற மெஷின் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "வயசாயிருச்சில்லீங்க ஆத்தா, ஊட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். ரெஸ்ட் எடுக்கிறவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அது நான் துவைத்த காசு.

புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. பிள்ளை இல்லை. பயிர் வைத்த காடு அவருடைய தம்பிகளிடம் போய்விட்டது. எனக்கு மிச்சம் வீடும், அதன் பின்னால் கொஞ்சம் குச்சிக்கிழங்கும், ஒரு கோழியும்தான். ரேஷன் அரிசி வந்துவிடும். எண்ணெய்க்கும் சோப்புக்கும் காசு வேண்டுமே. கவரில் இருந்ததை மூன்று மாதம் இழுத்தேன். முதலில் வெற்றிலையை விட்டேன். பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். கோழியை மட்டும் விற்கவில்லை. அது போட்ட முட்டையில்தான் உப்பும் மிளகாயும் வாங்கினேன்.

பக்கத்து வீட்டு மருமகள்தான் முதியோர் பணத்துக்கு எழுதிப்போடச் சொன்னாள், தாலுகா ஆபீசுக்குக் கூடவும் வந்தாள். மனுவில் 'ஆதரவற்றவர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை அவள் வாசித்தபோது யாரோ என்னைத் திட்டியது போல இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ரேகை வைக்கிற ஆள் இல்லை நான். பேர் எழுதத் தெரியும். எழுத்துக் கூட்டினால் வாசிக்கவும் வரும்.

விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் ஓடிவந்தாள். "நல்ல சீலை கட்டாதீங்க அத்தே. கிழிஞ்சதா ஒண்ணு எடுத்துக் கட்டுங்க. பாத்திரத்தை எங்கூட்ல வெச்சர்லாம்" என்றாள். என் வீட்டுக்கு ஒருவர் வரும்போது கிழிசலோடு நிற்க எனக்குத் தெரியாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

மேடேறி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பகையாளிக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் சண்டை பிடிப்போம். ஆபீசர் மற்ற வீடுகளை முடித்துவிட்டு மதியத்துக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் வேறு என்ன இருந்தது? கோழியை அடித்தேன். சாமை அரிசியைக் கடன் வாங்கிச் சோறாக்கினேன்.

நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் குழம்பு கேட்டு வாங்கினார். கூரையை அண்ணாந்து பார்த்தார், ஏதோ எழுதினார், போய்விட்டார். மனு தள்ளுபடி என்று அடுத்த மாதம் தகவல் வந்தது.

ஆபீசுக்கு நடந்தே போனேன். அதே ஆபீசர்தான் உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரியாதவர் போலக் காகிதத்தைப் புரட்டினார். நான் வசதியாக இருப்பதாக ரிப்போர்ட் போய்விட்டதாம். அதைக் காட்டச் சொன்னேன். இவளுக்கு என்ன வாசிக்கத் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, தூக்கிப் போட்டார். நின்றபடி எழுத்துக் கூட்டினேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவசரப்படவில்லை. கோழி வளர்ப்பில் வருமானம் உண்டு என்று எழுதியிருந்தது.

"எந்தக் கோழிங்க இது?" என்று கேட்டேன்.

"உங்கூட்டுக் கோழிதாங்க."

"அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. அதத்தான் நீங்க தின்னுபோட்டு வந்தீங்க."

பின்னால் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "கோழியடிச்சு விருந்து வெக்கறவங்களுக்கு எதுக்குங்க அரசாங்கத்துக் காசு?" என்றார்.

எங்கள் வழக்கம் அவருக்கு எங்கே விளங்கும்? அவமானத்தில் காது சுட்டது. "வேற ஆளை அனுப்புங்க. சோறு திங்காத ஆளா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். போகச் சொன்னார், போகவில்லை. உள் அறையிலிருந்த பெரிய ஆபீசர் வெளியே வந்து விவரம் கேட்டு, மறுபடி விசாரிக்க எழுதினார்.

இந்தத் தடவை ஒரு சின்னப் பெண் வந்தாள். நான் அதே சீலையைத்தான் கட்டியிருந்தேன். மூச்சு வாங்க மேடேறி வந்து வாசலில் நின்றாள். நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான்தான் வருகிறவர்களைக் கேட்பேன்.

"நேத்து வேவிச்ச கெழங்குதானுங்க. மத்தியானத்துக்கும் அதேதான்" என்றேன். அந்த ஒரு பேச்சு வாயிலிருந்து வர எவ்வளவு நேரமானது என்று எனக்குத்தான் தெரியும். அவள் தலைகுனிந்து எழுதிக்கொண்டாள்.

நாக்கு வறண்டுதான் அவள் திரும்பிப் போனாள். பாதை வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கலாம் என்று அவளைக் கூப்பிட வார்த்தை வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்தால் அதையும் எழுதுவார்களோ என்று நினைக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

ஆடியிலிருந்து பணம் வருகிறது. வாங்கிக்கொள்கிறேன். அதற்காக யாருக்கும் கும்பிடு போடவில்லை.