ஆர்மோனியத்துக்குள் ஒரு நம்பர்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் முதல் இரண்டு வாரம் தெரசம்மாளின் கையிலிருந்து ஊசி இறங்காது. ஏற்காட்டுப் பெண்கள் ஹாஸ்டலில் அன்றைக்கு நூற்றெண்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு நம்பர். பாவாடை, ஸ்வெட்டர், துண்டு, படுக்கை விரிப்பு, காலுறை வரைக்கும் சிவப்பு நூலில் அந்த நம்பரைத் தைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சலவைக்குப் போன மூட்டை திரும்பி வரும் நாளில் ஒரே சண்டையாக இருக்கும். பின்வாசலை ஒட்டிய துணி அறையில், ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, மடியில் ஒரு குவியல், காலடியில் ஒரு குவியல் என்று இருபத்திமூன்று வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பனி இறங்கி அறை இருட்டிக் கிடந்தாலும் கை தடுமாறாது. ஏழும் ஒன்றும் குழம்பாத தையல் அவளுடையது.

செம்மநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, பத்தொன்பது வயதில் இந்த அறைக்குள் வந்தாள். புருஷன் லாசர் இன்னொரு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியில் கை காய்ந்துதான் போகும். அதனால் அவள் ஒரு வியாபாரமும் வைத்திருந்தாள்.

ஏப்ரலில் படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு போவதில்லை. டிரங்குப் பெட்டி, மடக்கு நாற்காலி, மேசை விளக்கு, வயலின் என்று எதையாவது வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். ஹாஸ்டல் சிஸ்டர் அதற்கு ஒரு விலை சொல்வார். தெரசம்மாள் வாங்கி, துடைத்து, சேலம் பேப்பரில் இரண்டு வரி விளம்பரம் கொடுப்பாள். கடிதம் வரும். பணம் வந்தபிறகு சாமான் பஸ்ஸில் ஏறிக் கீழே போகும்.

தொடக்கத்தில் இவ்வளவு கறாராக இல்லை. எழுபத்தொன்பதில் ஆத்தூர்க்காரர் ஒருவர் பாதிப் பணம் கொடுத்து ஒரு மேசை மின்விசிறி வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து, சுருள் எரிந்துபோன ஒரு விசிறியைக் கொண்டுவந்து வைத்து, இது ஓடவில்லை, பணத்தைக் கொடு என்றார். அது அவள் விற்ற விசிறி இல்லை. அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைக் காட்டத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை. லாசர் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பினான். தெரசம்மாள் அழவில்லை. மூன்று நாளைக்குக் குழம்பில் மட்டும் உப்பு கூடியது.

நாலாம் நாள் துணி அறையில் இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரித் துண்டுக்கு அடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவள் ஓரத்தைத் திருப்பி நம்பரைப் பார்த்து உரியவளிடம் கொடுத்தாள். மற்றவள் மறுபேச்சில்லாமல் போய்விட்டாள். அந்தத் துண்டு கை மாறிய இடத்தையே தெரசம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவள் கையை விட்டுப் போகும் எந்தச் சாமானுக்குள்ளும் சிவப்பு நூலில் ஒரு நம்பர் இருந்தது. டிரங்குப் பெட்டியென்றால் உள்துணிக்கு அடியில், நாற்காலியென்றால் கித்தான் மடிப்புக்குள். தைக்கும்போது ஹாஸ்டல் சமையல்கார ராசம்மாளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். தைக்க இடமில்லாத சாமானை அவள் வாங்குவதே இல்லை. நல்ல குக்கர் ஒன்றை சிஸ்டர் சும்மா கொடுக்கிற விலைக்குச் சொல்லியும் வேண்டாமென்றுவிட்டாள்.

இன்னொன்றும் செய்தாள். சாமானில் உள்ள குறைகளையெல்லாம் இரண்டு தாளில் எழுதி அனுப்புவாள். வாங்குகிறவர் ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால்தான் பேச்சே. லாசருக்கு அது பிடிக்காது. பொண்ணு குடுக்கறவங்க பொண்ணோட குறையைத் தண்டோரா போட்ட மாதிரி இருக்குது என்பான். குறையைச் சொல்லிவிட்டு விற்றால் திரும்பி வராது என்பது அவள் கணக்கு. ஆனால் நம்பரைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வார்த்தை எழுதினதில்லை.

எண்பத்தேழு ஏப்ரலில் ஓர் ஆர்மோனியம் வந்தது. பாட்டுக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒருத்தி விட்டுப்போனது. சிஸ்டர் நானூறு சொன்னார், சம்பளத்தில் நாலு மாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தெரசம்மாள் வாங்கினாள். கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிறவரை வரவழைத்து எல்லாக் கட்டையையும் அழுத்திக் கேட்டாள். குறை ஒன்றே ஒன்றுதான், மேல்மூடியில் இடது ஓரமாக விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதை அப்படியே தாளில் எழுதினாள். கட்டைகளுக்கு முன்னால் ஓடுகிற பச்சைக் கம்பளிப் பட்டையை ஒரு முனையில் மெல்லக் கிளப்பி, அடிப்பக்கத்தில் நாற்பத்தொன்று என்று தைத்து, திரும்ப ஒட்டினாள். பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது ராசம்மாள்.

ராசிபுரத்தில் பாட்டு வகுப்பு நடத்தும் செல்லப்பன் என்கிறவர் தாளில் கையெழுத்துப் போட்டு, எண்ணூற்றைம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினார். மே மாதக் கடைசியில் பெட்டி பஸ்ஸில் இறங்கியது, சேலம் பஸ் நிலையத்தில் அவரே வந்து எடுத்துக்கொண்டார். மணியார்டர் வந்த மறுநாள் தெரசம்மாளும் சேலத்துக்கு இறங்கி, மகள் இன்பமேரியை நர்ஸ் ட்ரெயினிங்கில் சேர்த்து, அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

இரண்டு வாரத்தில் கடிதம். பெட்டியில் பாதிக் கட்டை ஊமையாக இருக்கிறது, காற்று நிற்கவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள், வியாழக்கிழமை பெட்டியோடு வருகிறேன், பணத்தைத் தயாராக வைக்கவும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று செல்லப்பன் எழுதியிருந்தார்.

லாசர் கடிதத்தை இரண்டு தரம் படித்தான். பணம் வீட்டில் இல்லை. திருப்பிக் கொடுக்கவேண்டுமானால் இன்பமேரியின் இடத்தை விட்டுவிட்டுக் கட்டினதைக் கேட்டு வாங்கிவர வேண்டும். அவனுக்கு அதைவிடப் போலீஸ் என்ற வார்த்தைதான் பெரிதாகத் தெரிந்தது.

"குடுத்துத் தொலைச்சிருவோம் புள்ள. பாப்பா அடுத்த வருஷம் சேரட்டும்."

"அடுத்த வருஷம் வேற ஒருத்தர் வேற பொட்டியத் தூக்கிட்டு வருவாருங்க. அப்ப பாப்பாவ எங்க அனுப்பறது?"

அவன் பீடிக்கட்டைத் தேடினான். பெட்டியைப் பார்க்கும்வரை ஒரு பைசா பேசுவதில்லை என்று தெரசம்மாள் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் செல்லப்பன் வந்து இறங்கினார். பஸ் நிலையத்தில் காத்திருந்த லாசரே பெட்டியைத் தூக்கித் துணி அறைக்குள் கொண்டுவந்து வைத்தான். செல்லப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. மலை ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும் அவர் வயிற்றுக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. முகம் வெளுத்து, பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வந்தவராக இருந்தாலும் மயக்கத்தோடு இருக்கிறவரிடம் வழக்குப் பேசுவது முறையில்லை என்று தெரசம்மாளுக்குப் பட்டது. காப்பிக்குச் சொல்லி அனுப்பினாள். டம்ளரோடு ராசம்மாள் வந்தாள், வந்தவள் போகாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

காப்பி உள்ளே போனதும் செல்லப்பனுக்குக் குரல் வந்தது. கையெழுத்துப் போட்ட தாளின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். மேல்மூடியில் கீறல் என்று எழுதிய அம்மிணி, ஊமைக் கட்டையை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். பெட்டியைத் திறந்து துருத்தியைத் தள்ளி அழுத்திக் காட்டினார். ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

லாசர் குனிந்து மேல்மூடியைப் பார்த்தான். இடது ஓரத்தில், விரல் நீளத்துக்கு, கீறல். பெட்டியும் அதே நிறம், அதே வாட்டம். அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்த பார்வையில் இன்பமேரியின் டிரங்குப் பெட்டி சேலத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

தெரசம்மாளும் அந்தக் கீறலைப் பார்த்தாள். தான் எழுதிய வரியைப் பார்த்தே ஒரு கீறலைப் போட்டுவிட முடியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. குறையைத் தாளில் எழுதுவது தனக்குக் காவல் என்றுதான் எட்டு வருஷமாக இருந்தாள். அவள் பெட்டியைத் தொடவில்லை. மடியிலிருந்த ஸ்வெட்டரை மடித்து வைத்தாள்.

"ஏனுங்க வாத்தியாருங்க, ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. நான் அனுப்புன பொட்டி இதுதானுங்களா?"

"இல்லாம? ராசிபுரத்துல காட்டுலயா முளைக்குது ஆர்மோனியம்?"

"யாருகிட்டயாவது ரிப்பேருக்குக் குடுத்தீங்களா? யாராவது எரவல் வாங்கிட்டுப் போனாங்களா?"

"எங்க ஊட்டுப் படியத் தாண்டுலீங்க அம்மிணி. நான் தொடற பொட்டிய எம் பொண்டாட்டிகூடத் தொடமாட்டா."

"ராசம்மாக்கா, கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டதாக ராசம்மாள் நிலைப்படியிலிருந்து சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் தெரசம்மாள் எழுந்தாள். ஊசி முனையால் பச்சைக் கம்பளிப் பட்டையின் ஓரத்தை நெம்பினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, வெளியே வர மனமில்லாத மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. விரலால் பிடித்துத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினாள். அடிப்பக்கம் வெறுமையாக இருந்தது. மற்ற முனையையும் கிளப்பினாள். அங்கேயும் பழைய பசையும் தூசியும்தான்.

நான் விற்ற பெட்டியில் இந்த இடத்தில் சிவப்பு நூலில் நாற்பத்தொன்று என்று தைத்திருந்தது, இதில் இல்லை என்றாள். குரலை உயர்த்தவில்லை. சலவை மூட்டையில் ஒரு காலுறை குறைகிறது என்று சொல்கிற குரல்தான்.

செல்லப்பன் சிரித்தார். இல்லாத நூலை இருந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்றார்.

"நான் சொல்றனுங்க. அந்தப் பட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னவ நானு. ஊசி எம் பெருவிரல்ல ஏறிப் போச்சு. ரெண்டு நாளு மாவு பெசைய முடியல" என்றாள் ராசம்மாள்.

சிரிப்பு நின்றது. செல்லப்பன் பெட்டியைப் பார்த்தார், லாசரைப் பார்த்தார். பிறகு, இப்போதுதான் நினைவுக்கு வருவதுபோல, வந்த புதிதில் சுருதி சேர்க்க ஒரு கடையில் இரண்டு நாள் கொடுத்து வைத்ததாகவும், அந்தக் கடைக்காரன்தான் மாற்றியிருக்க வேண்டுமென்றும் சொன்னார்.

"இப்பத்தானே படியத் தாண்டுலைன்னீங்க?" என்றாள் ராசம்மாள்.

பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. லாசர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பியவன் முன்பு இருந்த இடத்தில் உட்காரவில்லை. தெரசம்மாளின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். போலீஸ் என்ற பேச்சைச் செல்லப்பன் எடுக்கவே இல்லை.

தெரசம்மாள் பட்டையை இருந்தபடியே வைத்து அழுத்தி, பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினாள்.

"கடைக்காரர்கிட்டக் கேட்டு எம் பொட்டிய வாங்கியாங்க. உள்ளார நம்பர் இருந்து, ஒரு கட்டை ஊமையா இருந்தாலும், கடன் வாங்கியாவது எண்ணூத்தம்பதையும் எண்ணி வெக்கறேன். இதுக்குத் தரமாட்டனுங்க."

செல்லப்பன் இன்னும் கொஞ்சம் பேசினார். பஸ் சார்ஜ் போனது, வகுப்பு போனது, வந்த தோஷத்துக்குப் பாதியாவது தரக்கூடாதா என்றார். பிறகு நூறாவது என்றார். பெரிய மனசு, சின்ன மனசு என்றெல்லாம் வந்தது. தெரசம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். நூற்றுப் பதினெட்டு. நீல ஸ்வெட்டர். கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

கேட்கிறவர்கள் யாரும் இல்லாமல் அவர் பேச்சு தானாகக் குறைந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று லாசர் நினைவுபடுத்தினான். அவர் குடையை எடுத்தார். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, திரும்பினார். சண்டை முகம் போய்விட்டிருந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் முகமாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, நீங்க விக்கிற எல்லாச் சாமான்லயும் தைப்பீங்களா? எங்கெங்க தைப்பீங்க?"

தெரசம்மாள் நூற்றுப் பதினெட்டின் முதல் ஒன்றைத் தைத்து முடித்து இரண்டாவது ஒன்றை ஆரம்பித்தாள். ராசம்மாள் வாயைத் திறக்கப் போனவள் அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். செல்லப்பன் சிறிது நேரம் அந்த ஊசி உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து, வெளியே போனார்.