குழாயையும் சேர்த்து எடு

போனில் 'வீடு விற்பனைக்கு' என்று வருகிற படங்களை எவன் எடுக்கிறான் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். ஹால் சின்னது, கிச்சன் இருட்டு என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அந்தச் சின்ன ஹாலைப் பெரிதாகக் காட்ட ஒருவன் மூலையில் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அது நான்தான்.

விஸ்காம் படித்தேன். படம் எடுக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது எடுப்பது பாத்ரூம். லோன் கட்ட முடியாமல் போய் பேங்க் பூட்டிய வீடுகள், திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும். புரோக்கர் சாவி வாங்கித் தருவார். நான் எடுத்து, அங்கிருந்தே ஆப்பில் ஏற்ற வேண்டும். அவர் சட்டம் தனி. படத்தில் ஆள் இருக்கக் கூடாது. கதவில் பேங்க் ஒட்டிய நோட்டீஸ் தெரியக் கூடாது. முருகன் காலண்டரோ இயேசு காலண்டரோ, கழற்றிவிட வேண்டும். அங்கே யாரோ வாழ்ந்தார்கள் என்ற நினைப்பே பார்க்கிறவனுக்கு வரக் கூடாதாம்.

போன கோடையில் கே.ஜி.கண்டிகை பக்கம் ஒரு வீடு. மாடியிலிருந்து கோயில் மலை தெரியும். அதைப் போட்டால் சென்னைக்காரன் விழுந்துவிடுவான் என்று புரோக்கர் ஒரே குஷி. உள்ளே முடித்தேன், மாடியில் மலையை எடுத்தேன், வெளியே வந்து முகப்பை எடுக்க ட்ரைபாடை நிறுத்தினால், நேர் எதிரே ஒரு அக்கா. நைட்டி, தோளில் துண்டு, இடுப்பில் குடம்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க. போட்டோ எடுக்கணும்."

"எடு. நான் இன்னா உன் கையையா புட்ச்சிகினு இருக்கேன்?"

காம்பவுண்டு சுவரைத் துளைத்து ஒரு பைப் தெருப் பக்கம் வந்திருந்தது, முனையில் குழாய். வீட்டைப் பறிகொடுத்துவிட்டு நகரிப் பக்கம் போய்விட்ட பழைய ஓனர், போர்வெல் போட்ட காலத்தில் தெருவுக்கென்று வைத்துக் கொடுத்தது. மோட்டார் சுவிட்ச்கூட கேட்டுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டியில்தான். அவர் போன பிறகு கரண்ட் பில்லைத் தெரு பங்கு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. மற்ற வீட்டு போர்கள் எல்லாம் கோடையில் காற்றைத்தான் கக்கும். இந்தக் குழாய் நின்றால் தெருவுக்குத் தண்ணீர் கிடையாது.

அந்தக் குழாய் படத்தில் வரவே கூடாது என்று புரோக்கர் முன்பே சொல்லியிருந்தார். தெருவோடு தகராறு உள்ள வீடு என்று நினைத்து வருகிறவன் ஓடிவிடுவானாம். நான் ட்ரைபாடைத் தூக்கி இந்தப் பக்கம் ஓரமாக வைத்தேன். அந்த அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"டேய், குழாய ஏன்டா உட்டுட்டு எடுக்குற?"

"எனக்கு அப்டித்தான் சொல்லியிருக்காங்க."

"நாளைக்கு வாங்குறவன் வந்து, படத்துல இல்ல, எனக்குத் தெரியாதுன்னு புடுங்கிப் போட்டா? குழாயையும் சேர்த்து எடு. தெருவோடதுன்னு தெரிஞ்சி வாங்கட்டும். அப்பதான் கைய வெக்க மாட்டான்."

"ஓசித் தண்ணிக்கு இவ்ளோ சவுண்டா அக்கா?" என்றேன்.

அவ்வளவுதான். எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். லுங்கி கட்டிய ஒரு ஆட்டோக்காரர் என் பைக்கிலிருந்து சாவியை உருவி அக்காவிடம் கொடுத்தார்.

"ஓசியா? கரண்ட் பில்லு உங்க நைனாவா வந்து கட்றாரு?" என்றாள் அக்கா.

"போலீஸுக்கு போன் பண்ணுவேன்."

"பண்ணு. வெயில்ல வர்றவரு தண்ணி கேப்பாரு இல்ல? அதுவும் இந்தக் குழாயிலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. குழாயோடு படம் ஆப்பில் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவி என்று அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள். பிறகு டைரக்டர் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"வூட்ல இருக்கிற குடமெல்லாம் எட்தாங்கடி. எத்தினி பேரு நம்பிகினு இருக்கோம்னு தெரியட்டும்."

பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் தெருமுனை வரைக்கும் வரிசை கட்டின. அண்டா வந்தது, பெயிண்ட் டப்பா வந்தது. ஆட்டோக்காரர் மோட்டாரைப் போட்டு, குழாயின் திருகையே கழற்றிவிட்டார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து விழுந்தது. வரிசையில் எல்லாரும் சண்டைக்கு நிற்கிற மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். எடுத்தேன். எரிச்சலில் எடுத்தாலும் படம் செம. அக்கா போனை வாங்கிப் பார்த்து, "இத மொதல்ல வை" என்றாள். வைத்தேன். சாவியை மண்ணில் வீசினாள்.

வீட்டுக்கு வருவதற்குள் புரோக்கர் லைனில் வந்துவிட்டார்.

"இன்னா படம்டா இது? வீடு விக்கிறமா, சாலை மறியல் பண்றமா? தூக்குடா அத."

"சாவிய புடுங்கிட்டாங்கண்ணா. இப்ப தூக்கிடறேன்."

சாப்பிட்டுவிட்டுத் தூக்கலாம் என்று உட்கார்ந்தேன். சோறு இறங்குவதற்குள் மறுபடியும் அவரே.

"டேய், டேய், தூக்கிட்டியா? தூக்காத! போன் மேல போன் வருதுடா."

மலையைப் பற்றி ஒருவன்கூடக் கேட்கவில்லை. உச்சி வெயிலில் அப்படிக் கொட்டுகிற போர், இந்த வறண்ட பக்கத்தில், அத்தனை குடத்தையும் நிரப்புகிற போர். அதைத்தான் கேட்டார்கள். அரக்கோணம் பக்கம் கேன் தண்ணீர் வியாபாரம் செய்கிற ஒருவர் நேரிலேயே வந்தார். நான்தான் வீட்டைத் திறந்து காட்டினேன். ஹாலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிப் படியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, இந்தப் படம் எடுக்கும்போது எவ்ளோ நேரம் மோட்டார் ஓடுச்சி? கலங்கலா வந்துச்சா?"

"தெளிவாத்தான் சார் வந்துச்சி."

அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். ஏலத்தில் வீட்டை எடுத்து, முதல் வேலையாகச் சுவிட்ச் பெட்டியைக் கேட்டுக்கு உள்ளே மாற்றினார். தெரு கூடிப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனது. தனியார் இடம், நாங்கள் என்ன செய்ய முடியும், வேண்டுமானால் லாரி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பைக் ரிப்பேரான ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ நிக்கிறாரு பாரு, எங்க தெருவையே வித்தவரு."

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க? குடத்த வரிசையா வெச்சது நானா?"

"சொன்னா எட்துடுவியா? காலேஜ் போனவன்தான நீ, இதப் பாத்து எவன் வருவான்னு தெரியாது?"

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

"கேமராவ ஒடைக்கறதுக்குள்ள போய்டு."

போய்விட்டேன், அவளிடம் பயந்து அல்ல, பஸ் கிளம்பிவிட்டது. என் மேல் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. மிரட்டி எடுக்க வைத்தது அவர்கள். தூக்காதே என்றது புரோக்கர். திட்டு மட்டும் எனக்கு.

இன்று காலை கேன்காரர் கூப்பிட்டார். கம்பெனி தொடங்குகிறாராம், நோட்டீஸுக்குப் படம் வேண்டுமாம். வந்திருக்கிறேன். ஹாலில் மெஷின், பெட்ரூமில் கூரை வரைக்கும் கேன்கள். வெளியே சுவரில் குழாய் இருந்த ஓட்டையைச் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். சிமெண்ட் இன்னும் காயவில்லை.