கீரைக்குள் போன சிராய்

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் விடிந்ததுமே தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். காலைச் சமையல் என் பொறுப்பு. காய் நறுக்கும் மரப்பலகையைத் தினமும் கழுவி, நன்றாகக் காயட்டுமே என்று மொட்டை மாடி வெயிலில் போட்டுவிடுவேன். அது அங்கங்கே வெடித்திருந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று கீரைக்கூட்டு செய்து தங்கைக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். அவள் ஏனாத்தூர் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு பலகையைக் கழுவினால், ஓரத்தில் ஒரு சிராய் புதிதாகப் பெயர்ந்து போயிருந்தது. குப்பையைக் கிளறினேன், சட்டியைத் துழாவினேன், எங்கும் இல்லை. தங்கை போனை எடுக்கவில்லை. தொண்டையில் குத்திக்கொண்டால் என்ன ஆவது? பைக்கை எடுத்தேன். ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. அங்கே நின்றபடி திரும்பத் திரும்ப போன் அடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. மரத்தடியில் தோழிகளோடு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"சாப்பிடாதே!" என்று கத்தினேன்.

"இன்னாண்ணா, ஊட்டிவுடறதுக்கா இப்படி ஓடியாந்துக்கினு இருக்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒரு பெண் மட்டும் வாயிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணா, இதுவா? நான் கீரைத்தண்டுன்னு நெனச்சு மென்னுக்கினு இருந்தேன்ணா."

அதுவேதான்.

வெடித்த பலகையை அன்றே தூக்கிப் போட்டேன். புதுப்பலகையை ஈரம் துடைத்து நிழலில் சாய்த்து வைக்கிறேன். அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். நறுக்குவதற்கு முன்பு தறியில் மிஞ்சிய பட்டுத் துண்டை அதன்மேல் இழுத்துப் பார்க்கிறேன். சிறு சிராய் இருந்தாலும் பட்டு மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் வழுக்கிப் போனால்தான் கத்தியைத் தொடுவேன்.