யாரும் படிக்காத கையேடு

மைசூரில் ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் டாக்டர் இல்லை. இதை எனக்கு நினைவூட்டியவர்கள் நிறையப் பேர், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பதிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நெஞ்சுப் படத்தை அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்துக் காசநோய் இருக்கலாமா இல்லையா என்று சொல்லிவிடும். இருக்கலாம் என்றால் சளிப் பரிசோதனை. இல்லை என்றால் வீட்டுக்கு. திறப்பு விழாவில் வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள், கம்ப்யூட்டருக்கும் ஒன்று போட்டார்கள்.

முதல் சில மாதங்கள் எனக்கு அதன்மேல் கோபமே இல்லை. என் கண்ணுக்குத் தப்பியதை அது இரண்டு முறை பிடித்தது. அதையும் சொல்வதுதான் நியாயம்.

பிறகு அந்தக் கொத்தனார் வந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தம் பக்கத்து ஆள். நஞ்சன்கூடு ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. கூட வந்த மனைவிக்கும் அங்கேயே சித்தாள் வேலை. கொத்தனாருக்கு ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். படம் எடுத்தேன். வலது பக்கம், காறை எலும்புக்குப் பின்னால், லேசாக ஒரு வெளுப்பு. இயந்திரம் ‘நார்மல்’ என்றது.

அது எலும்பு மறைக்கிற இடம். ஆளைப் பின்னால் சாய்த்து நிற்கவைத்து இன்னொரு படம் எடுத்தால் எலும்பு மேலே ஏறி, நுரையீரலின் உச்சி தெரியும். எடுத்தேன். வெளுப்பு இப்போது நன்றாகவே தெரிந்தது. ஆனால் நேராக நிறுத்தி எடுத்த படத்தை மட்டும்தான் இயந்திரம் வாங்கிக்கொள்ளும். சாய்த்து எடுத்ததைத் தவறான படம் என்று திருப்பிவிட்டது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவு டாக்டரிடம் ஓடினேன். அவர் முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டேன்.

“ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு?”

“நார்மல்னு வந்திருக்கு சார். ஆனா படத்தைப் பாருங்க.”

“நார்மல்னு வந்ததுக்கு டெஸ்ட் எழுதினா மேல இருந்து விளக்கம் கேக்கறாங்க மேடம். நீங்க படம் எடுங்க. பாக்கறதுக்குத்தான் அது இருக்கே.”

நான் திரும்பி வந்துவிட்டேன். இன்றுவரை என்னைத் தின்பது அதுதான். கண்காணிப்பாளர் அறைக்குப் போயிருக்கலாம், அங்கேயே நின்று சத்தம் போட்டிருக்கலாம். வெளியே கூட்டம் காத்திருந்தது என்று நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

“ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்களாக்கா?” என்று மனைவி கேட்டாள். என் அம்மா வீடும் அந்தப் பக்கம்தான், கொள்ளேகால். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

“இருமல் நிக்கலைன்னா ரெண்டு வாரத்துல திரும்பக் கூட்டிட்டு வாங்க,” என்றேன்.

வரவில்லை. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? மூன்று மாதம் கழித்து வந்தபோது அவருடைய துண்டில் இரத்தம் இருந்தது. அவளும் இருமிக்கொண்டிருந்தாள். இம்முறை இயந்திரம் சிவப்பு எழுத்தில் காசநோய் என்றது. அந்தப் படத்தை என் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

“அன்னைக்கு நல்லா இருக்குதுன்னு சொன்னது யாருங்கக்கா?” என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வரி இருந்தது: கணினியில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை.

அரசு சேவைகளிலும் மருத்துவத்திலும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சட்டம் கொண்டுவருவதற்காக எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று மைசூருக்கு வந்து மக்கள் கருத்தைக் கேட்கப்போவதாக அந்த வாரம் பேப்பரில் பார்த்தேன். கொத்தனாரிடமும் மனைவியிடமும் சம்மதம் வாங்கி, பெயரை மறைத்து, இரண்டு படங்களையும் கவரில் போட்டுக்கொண்டு லீவு போட்டுப் போனேன்.

காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஓர் உறுப்பினர், இயந்திரத்தின் திரையில் கன்னடம் ஏன் இல்லை என்று வெகுநேரம் பேசினார். நல்ல கேள்விதான். ஆனால் பதில் வருவதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொருவர், இந்தத் திட்டம் முதலில் எங்கள் ஆட்சியில் யோசித்தது என்றார். இல்லை, எங்கள் ஆட்சியில்தான் என்று எதிரில் இருந்தவர் எழுந்தார். நோயாளி என்ற வார்த்தை அந்த இருவர் வாயிலும் வரவில்லை. மூன்றாமவர், “மிஷின் லீவு போடாது, சம்பளம் ஏத்திக் கேக்காது,” என்றார். கூடம் சிரித்தது.

என் முறை வந்தது. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக் காட்டினேன்.

“நீங்க டாக்டரா?” என்றார், லீவு பற்றிப் பேசியவர்.

“இல்ல சார், எக்ஸ்ரே டெக்னீஷியன்.”

“அப்போ வேலை போயிடும்னு பயம்.” மறுபடியும் சிரிப்பு.

என் காது சுட்டது. “என் வேலை போகாது சார். படம் எடுக்க ஆள் வேணும். படம் பாக்கற டாக்டரைத்தான் நீங்க போடவே இல்ல. நல்லா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னது யாருன்னு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா. நான் யாரைக் காட்டட்டும்?”

ஒரு பெண் உறுப்பினர் மட்டும் எதையோ எழுதிக்கொண்டார். “ஆயித்து மேடம், டைம் முடிஞ்சுது,” என்று அதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டார்.

குழுவின் அறிக்கை சட்டசபைக்கு வந்த நாளில் எங்கள் கேன்டீன் டிவியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தினார்கள். அறிக்கையில் எங்களைப் பற்றியும் ஒரு வரி இருந்ததாம்: ஊழியர்களுக்கு இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வர, பயிற்சி தர வேண்டும். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பயிற்சிக்கு, இயந்திரத்தைச் செய்த கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். இரண்டு படங்களையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் மழுப்பவில்லை.

“எலும்பு மறைக்கிற எடத்துல இது தடுமாறும் மேடம். கையேட்டுலயே போட்டிருக்கோமே, உங்களுக்குக் கொடுக்கலையா?”

கையேடு ஸ்டோர் ரூமில், கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. இயந்திரம் சொல்வது முடிவு அல்ல, ஒவ்வொரு படத்தையும் ஒரு டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் படிக்கவில்லை, சபையில் நாள் முழுக்கக் கத்தியவர்களும் படிக்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுமதி இல்லாமல் எழுதியதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. பதில் வந்தது அந்தப் பெண் உறுப்பினரிடமிருந்து மட்டும்தான். அவர் அதைச் சபையில் வாசித்தாராம். சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் படம் பார்க்கும் டாக்டர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு வர வேண்டும் என்று உத்தரவானது.

கொத்தனாரும் மனைவியும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டு முடித்தார்கள். அவள் தேறிவிட்டாள். அவரால் இனிச் சாரத்தில் ஏற முடியாது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

புது டாக்டர் வந்த முதல் நாளே, நார்மல் என்று வந்த பழைய படங்களைக் கேட்டார். மத்தியானம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டைத் தனியாக எடுத்து வைத்து, “இவங்களை உடனே வரச் சொல்லுங்க,” என்றார்.

நானே போன் போட்டேன். ஒருவர் மறுநாள் காலையில் வந்துவிட்டார். மற்றவரின் எண் உபயோகத்தில் இல்லை. பதிவேட்டில் இருந்த விலாசத்துக்கு நேரில் போனேன். அது கட்டி முடித்து ஆட்கள் குடிவந்துவிட்ட ஒரு கட்டடம். இதைக் கட்டியவர்கள் எங்கே போனார்கள் என்று வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.